நகர வீதிகளின் வற்றுப்பெருக்கு

கடலுக்கு வற்றும் பெருக்கும் உண்டென்பதைக் கரையோர மக்கள் நன்கறிவர். பெருநகரங்களின் வீதிகளுக்கும் அத்தகையதோர் இயல்பு உண்டு. காலையிலே புறநகர்களிலிருந்து நகரின் நடுவிடத்தை நோக்கி மக்கள் திரள்வர். மாலையிலே அத்திரள் வந்த வழியே மீளும். ஆங்கிலப் பொறியியலாளரும் இவ்வோட்டத்தைக் கடலின் வற்றுப்பெருக்கோடு ஒப்பிட்டே பெயரிட்டனர். ஓட்டம் பொழுதுக்குப் பொழுது மாறினும் வீதியின் அகலம் மாறுவதில்லை. ஆறு வண்டிகள் பக்கம் பக்கமாகச் செல்லத்தக்க வீதியொன்றில் மூன்று தடங்கள் உட்செல்வோர்க்கும் மூன்று வெளிச்செல்வோர்க்கும் என வகுக்கப்பட்டிருக்கும். காலையில் உட்செல்லும் மூன்றும் நிரம்பி வழிய, வெளிச்செல்லும் மூன்றும் பாதிக்குமேல் வெறுமையாய்க் கிடக்கும். மாலையிலோ நிலைமை நேர்மாறாகும். வெறுமையாய்க் கிடக்கும் தடமொன்றை நெருக்கடியுற்ற பக்கத்துக்குச் சில மணிநேரம் இரவல் கொடுத்தால் என்ன என்னும் வினாவிலிருந்து பிறந்ததே திசைமாறு தடம் என்னும் ஏற்பாடு.

ஈண்டு ஒரு சொல்விளக்கம் வேண்டற்பாலது. கோடிட்டுப் பிரிக்கப்பட்டு, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதற்கென விடப்பட்ட வீதிப் பகுதியை அண்மைக் காலத்தில் நம் நாட்டுச் செய்தித்தாள்கள் ‘ஒழுங்கை’ எனக் குறிப்பிடுகின்றன. யாழ்ப்பாணத்திலோ ஒழுங்கை என்றவுடன் இருபுறமும் வேலியடைத்த சிறுபாதையே மனத்தில் தோன்றும். மயக்கம் நேராதிருத்தற்பொருட்டு இக்கட்டுரையில் அதனைத் ‘தடம்’ என்றே வழங்குவோம்.

இவ்வேற்பாட்டின் பயனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். சந்திகளும் சமிக்ஞை விளக்குகளும் உள்ள நகர வீதியொன்றில், ஒரு தடம் மணிக்கு 1,000 வண்டிகளைச் செல்லவிடும் என்று வைத்துக்கொள்வோம். காலை நெருக்கடி இரண்டு மணிநேரம் நீடிக்கின்றது. அப்பொழுது மணிக்கு 3,600 வண்டிகள் நகருக்குள் வருகின்றன. 1,400 வண்டிகள் வெளியே செல்கின்றன. மூன்றுக்கு மூன்று எனத் தடங்கள் இருப்பின், உட்செல்வனவற்றுள் மணிக்கு 3,000 மட்டுமே கடக்கும், 600 தேங்கும். இரண்டு மணி முடிவில் 1,200 வண்டிகள் தேங்கி நிற்கும். நிற்கும் வண்டியொன்றுக்கு ஏழு மீற்றர் இடம் வேண்டுமெனின், மூன்று தடங்களிலும் ஏறத்தாழ 2.8 கிலோமீற்றர் நீளத்துக்கு வரிசை நீளும். அவ்வரிசையின் கடைசியிற் சேர்ந்தவர் 24 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். அதன்பின் வருவன மணிக்கு 2,000 ஆகக் குறைந்தாலும் அத்தேக்கம் வடிவதற்கு ஒரு மணி 12 நிமிடம் செல்லும். இப்பொழுது ஒரு தடத்தைத் திருப்பி, நான்குக்கு இரண்டு என ஆக்குவோம். உட்செல்வோர்க்கு 4,000 வண்டிகளுக்கு இடமுண்டு. வெளிச்செல்வோர்க்கு 2,000 வண்டிகளுக்கு இடமுண்டு. தேக்கம் இரு பக்கத்தும் இல்லை. ஒரு சாண் நிலந்தானும் புதிதாக வாங்கப்படவில்லை என்பதை நோக்குக.

ஆயின், இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. மொத்தமாக அதே 5,000 வண்டிகள், உட்செல்வன 2,750, வெளிச்செல்வன 2,250 எனப் பிரிந்தால் யாது நிகழும்? மூன்றுக்கு மூன்று என்ற பழைய நிலையில் இரு பக்கமும் தடையின்றி ஓடும். நான்குக்கு இரண்டு என மாற்றினாலோ, வெளிச்செல்வோருள் மணிக்கு 250 வண்டிகள் தேங்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து வேறொரு நோயை உண்டாக்கியதாக முடியும். ஆறு தட வீதியில் நான்குக்கு இரண்டு என்பது மூன்றில் இரண்டு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் உள்ள விகிதமாதலின், போக்குவரத்தும் ஏறத்தாழ அவ்விகிதத்திற் சாய்ந்திருக்கும்பொழுதே இம்முறை செவ்வையாகப் பொருந்தும். இது முதலாவது நிபந்தனை. குறைந்த ஓட்டமுள்ள பக்கத்துக்கு எஞ்சும் தடங்கள் அதற்குப் போதியனவாய் இருத்தல் இரண்டாவது. மூன்றாவது நிபந்தனை பலராலும் மறக்கப்படுவது. மடையை அகலத் திறந்தால் அதன் வாயிலுள்ள வாய்க்காலும் அந்நீரைத் தாங்குதல் வேண்டும். நான்கு தடங்களில் விரைந்துவரும் வண்டிகள் இறுதியில் இரண்டு தடச் சந்தியொன்றில் வந்து முட்டுமாயின், வரிசை நின்ற இடம் மாறியதேயன்றி நெருக்கடி நீங்கியதாகாது.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் எட்டாம் தெருவில் 1928ஆம் ஆண்டிலேயே நடுக்கோட்டை விலக்கி வண்டிகளைச் செல்லவிடும் வழக்கம் தொடங்கியது. சிக்காகோ நகரின் ஏரிக்கரைப் பெருவீதியில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேறொரு உபாயம் கையாளப்பட்டது. தடங்களைப் பிரிக்கும் தாழ்ந்த வரம்புகள் வீதியினுள்ளே பதிக்கப்பட்டு, நீரியல் அழுத்தத்தினால் வேண்டும்பொழுது மேலே எழும்பவும் வேண்டாதபொழுது கீழே அமிழவும் செய்யப்பட்டன. அவ்வரம்புகள் 1979இல் அகற்றப்பட்டன.

திசைமாறு தடங்கள் பெரிதும் நிலைத்தது பாலங்களிலேயாம். காரணம் வெளிப்படை. நிலத்தின்மீதுள்ள வீதியை அகலிக்க வேண்டுமாயின் வீடுகளையும் காணிகளையும் எடுக்கலாம். நீரின்மீதுள்ள பாலத்தை அகலித்தல் அத்துணை எளிதன்று. அவுஸ்திரேலியாவில் 1932இல் திறக்கப்பட்ட சிட்னித் துறைமுகப் பாலத்தில் முதலில் மோட்டார் வண்டிகளுக்கு ஆறு தடங்களே இருந்தன. 1958இல் திறாம் வண்டிச் சேவை நிறுத்தப்பட்டபின், அதன் தண்டவாளங்கள் இருந்த இடம் மேலும் இரண்டு தடங்களாயிற்று. இப்பொழுதுள்ள எட்டுத் தடங்களுள் இடையிலுள்ள மூன்று, பொழுதுக்கேற்பத் திசை மாறுவன. கனடாவின் வன்கூவர் நகரில் 1938இல் திறக்கப்பட்ட லயன்ஸ் கேட் பாலத்தில் மூன்றே தடங்கள். நடுத்தடம் ஓட்டத்தின் அளவுக்கேற்ப இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறிக் கொடுக்கப்படுகின்றது. எஞ்சிய பக்கத்துக்கு ஒரு தடமே உள்ளதாகலின், அதில் ஒரு வண்டி பழுதுற்று நின்றாலும் அப்பக்கம் முழுவதும் ஸ்தம்பிக்கும். இரண்டாம் நிபந்தனையின் அருமை இதனாற் புலப்படும்.

தடத்தின் திசையை மாற்றும் முறை யாது? எல்லாவற்றினும் மலிவான முறை, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை இத்தடம் இத்திசைக்கு உரியது என எழுதிய பலகையை வீதியோரத்திலோ மேலேயோ தொங்கவிடுதல். பழக்கப்பட்டோர் அதனை அறிவர். ஊருக்குப் புதியவரோ வண்டியை ஓட்டிக்கொண்டே பலகையைப் படித்து, மணிக்கூட்டையும் பார்த்து, அன்று விடுமுறை நாளோ என்பதையும் சிந்தித்துத் தீர்மானித்தல் வேண்டும். இதனினும் மேலானது ஒவ்வொரு தடத்தின்மேலும் ஒளிச்சமிக்ஞை அமைத்தல். கீழ்நோக்கிய பச்சை அம்புக்குறி ‘இத்தடத்திற் செல்க’ எனவும், சிவப்புக் குறுக்குக் குறி ‘இத்தடத்திற் செல்லற்க’ எனவும் பொருள்படும். வீதிக் குறிகளையும் சமிக்ஞைகளையும் பற்றி 1968இல் வியன்னாவில் உருவான சர்வதேச உடன்படிக்கையில் இவ்விரு குறிகளும் இடம்பெற்றுள்ளன. ஆதலின் ஒரு நாட்டுச் சாரதி மற்றொரு நாட்டிலும் மொழியறியாமலே இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

திசை மாறும் அந்தக் கணமே அபாயம் மிக்கது. ஒரு பக்கத்துக்குச் சிவப்புக் காட்டிய அதே நொடியில் மறுபக்கத்துக்குப் பச்சை காட்டினால், முன்னரே தடத்தினுள் புகுந்தவர்கள் எதிரே வருவோரோடு முகத்துக்குமுகம் மோத நேரும். ஆகையால் முதலில் இரு திசையிலும் சிவப்புக் குறுக்குக் குறி காட்டப்படும். தடத்தினுள் இருக்கும் வண்டிகள் அனைத்தும் வெளியேறும்வரை அது வெறுமையாக விடப்படும். வெறுமையானதென்று உறுதிப்படுத்திய பின்னரே எதிர்த்திசைக்குப் பச்சை அம்பு ஒளிரும். இவ்விடைவேளையில் அத்தடம் எவருக்கும் பயன்படாது. ஆதலின் நாளொன்றுக்கு இருமுறை மாற்றுதல் இலாபமாகலாம்; நெருக்கடி தோன்றும்தோறும் மாற்ற முயல்வது நட்டமாகும்.

எதிரெதிரே விரையும் வண்டிகளுக்கிடையே நிற்பது என்ன என்பதே இவ்விடயத்தின் உயிர்நிலையான வினா. இதற்குச் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தின் வரலாறு தக்க எடுத்துக்காட்டாகும். 1937இல் திறக்கப்பட்ட இப்பாலத்தில் ஆறு தடங்கள் உள. 1963 ஒக்டோபரில் திசைமாறு தடமுறை அங்குத் தொடங்கிற்று. காலையில் நகரை நோக்கி நான்கும், நகரைவிட்டு இரண்டும் என ஆக்கப்பட்டன. இரு பக்கத்தையும் பிரித்தவை வீதியிலுள்ள துளைகளிற் செருகப்பட்ட, ஒன்றரை அடியளவு உயரமுள்ள பிளாத்திக்குக் குழாய்களேயாம். மெல்லச் செல்லும் பாரவண்டியொன்றிலிருந்து ஊழியர்கள் அவற்றைக் கையினாற் பிடுங்கி, அடுத்த துளைகளில் நாட்டினர். கண்ணுக்கு எல்லை காட்டினவேயன்றி, நிலைதடுமாறி வரும் வண்டியைத் தடுக்கும் வலி அக்குழாய்களுக்கு இல்லை. முகத்துக்குமுகம் மோதிய விபத்துகளில் உயிர்கள் பலியாயின. உறுதியான தடுப்பு வேண்டுமென்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்தது. ஆயின் பாலத்தின் வண்டிப்பாதை அறுபது அடியளவே அகலமுடையது. சாதாரணத் தடுப்புச் சுவரை நடுவில் வைத்தால் ஏற்கெனவே ஒடுங்கிய தடங்கள் மேலும் ஒடுங்கும். ஓர் அடி அகலத்துக்குள் அடங்கக்கூடியதும், நாள்தோறும் இடம்பெயர்க்கத்தக்கதும், மோதும் வண்டியைத் தாங்கவல்லதுமான தடுப்பு வேண்டியிருந்தது. அத்தகைய தடுப்பு 2015 சனவரியிலேயே அப்பாலத்திற் பொருத்தப்பட்டது. முறை தொடங்கியதற்கும் காவல் அமைந்ததற்கும் இடையே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதை மாணவர் கருத்திற் கொள்ளுதல் நன்று.

இவ்விடம்பெயர் தடுப்பின் அமைப்பு இரசிக்கத்தக்கது. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள கனத்த துண்டுகள் பல, உருக்கு ஆணிகளாற் சங்கிலிபோல ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியும் விளிம்பு நீட்டிய வடிவில் அமைந்திருக்கும். இதற்கென அமைந்த பொறியொன்று மெல்ல ஊர்ந்து வந்து, அத்தலையைப் பற்றித் துண்டுகளைத் தரையிலிருந்து சற்றே தூக்கி, தன் வயிற்றினூடாகப் பாம்புபோல் வளைந்த பாதையிற் செலுத்தி, ஒரு தடம் தள்ளி மறுபுறத்தே இறக்கிவைக்கும். பொறி ஒருமுறை பாலத்தைக் கடந்தவுடன் தடுப்பு முழுவதும் ஒரு தடம் நகர்ந்துவிடும். நியூசிலாந்தின் ஓக்லாந்துத் துறைமுகப் பாலத்தில் இம்முறை 1990 முதல் வழங்குகின்றது. 1959இல் நான்கு தடங்களுடன் திறக்கப்பட்ட அப்பாலம் பத்தாண்டுக்குள் போதாதாகி, 1969இல் இரு மருங்கிலும் பக்கத்துக்கு இரண்டு தடங்கள் ஒட்டவைக்கப்பட்டு எட்டுத் தடங்களாயிற்று. நெருக்கடி வேளையில் ஐந்துக்கு மூன்று என அவை பிரிக்கப்படுகின்றன.

தடுப்பே இல்லாமற் காவல் செய்யும் வழியும் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகருக்குச் செல்லும் அஸ்ரன் விரைவுப்பாதை 1972இல் திறக்கப்பட்டது. நம் நாட்டைப் போலவே இடப்புறமாக ஓட்டும் வழக்கமுள்ள அந்நாட்டில், இப்பாதைக்கு மட்டும் நடுவரம்பு இல்லை. மொத்தம் ஏழு தடங்கள். அவற்றுள் ஒன்று எப்பொழுதும் வெறுமையாக விடப்படும். அதன்மேல் இரு திசையிலும் சிவப்புக் குறுக்குக் குறி தோன்றும். நெருக்கடி வேளையில் ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டும், ஏனைய வேளைகளில் பக்கத்துக்கு மூன்றும் ஓடும். வெறுந்தடம் வயலுக்கு வயல் வரம்பு பெயர்வதுபோல ஓட்டத்துக்கேற்பப் பெயரும். இங்குக் காவலின் விலை ஒரு முழுத் தடமாகும்.

இதுகாறும் கூறியவை பாலங்களும் விரைவுப்பாதைகளுமாம். அங்கே வீடுகளில்லை, கடைகளில்லை, குறுக்கே நடப்போருமில்லை. மக்கள் குடியிருக்கும் வீதிக்கு இம்முறை வரும்பொழுது நிலைமை வேறாகின்றது. வீதியைக் கடக்கும் முதியவர் ஒருவர் நடுக்கோடுவரை ஒரு பக்கமும், அதன்பின் மறுபக்கமும் பார்த்துக் கடக்கப் பழகியவர். நடுக்கோடே காலையில் ஓரிடத்திலும் மாலையில் மற்றோரிடத்திலும் இருக்குமாயின் அப்பழக்கமே அவருக்குப் பகையாகும். நடுவில் இளைப்பாறி நிற்பதற்குத் திட்டொன்றும் கட்ட முடியாது; அது திசைமாறு தடத்தை மறிக்கும். எதிர் ஓட்டத்தைக் குறுக்கிட்டுத் திரும்புவோரும் நெருக்கடி வேளைகளில் பெரும்பாலும் தடுக்கப்படுவர். கடைமுன் வண்டி தரிக்கவும் அந்நேரத்தில் இடமிராது. தூரத்திலிருந்து வந்து கடந்து செல்வோரின் நிமிடங்களை, அவ்வீதியில் வாழ்வோர் தம் வசதியினாலும் சிலபொழுது தம் உடலினாலும் செலுத்துகின்றனர்.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலுள்ள கனெக்டிக்கட் அவெனியு இதற்குச் சான்று. குடிமனைகளும் கடைகளும் நிறைந்த அவ்வீதியில் பல பத்தாண்டுகளாக நெருக்கடி வேளையில் ஒரு பக்கம் நான்கும் மறுபக்கம் இரண்டுமாகத் தடங்கள் மாறிவந்தன. பெருந்தொற்றினால் 2020இல் போக்குவரத்துக் குறைந்தபொழுது அம்முறை இடைநிறுத்தப்பட்டது. விபத்துகளைப் பற்றிய கவலை முன்னரே எழுந்திருந்தமையின், 2021இல் அதனை மீண்டும் கொண்டுவருவதில்லை என நகர நிர்வாகம் முடிவு செய்தது. இங்கே ஆராயத்தக்க உண்மையொன்று உண்டு. திசைமாறு தடம் பணிக்குச் செல்வோரின் பழக்கத்தின்மீது கட்டப்பட்ட ஏற்பாடு. அப்பழக்கம் மாறின் அதன் நியாயமும் மாறிவிடும். வீட்டிலிருந்தே பணிபுரிவோர் மிகுந்தாலோ, காரியாலயங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தாலோ, மூன்றில் இரண்டு பங்கென்ற சாய்வு மறைந்து, முன்னர்க் கண்ட இரண்டாவது கணக்கே உண்மையாகும்.

மற்றொரு கருத்தும் ஈண்டு நோக்கற்பாலது. நகரத்துக்குப் பணிக்குச் செல்லும் விரைவுப்பாதைகளில் நெருக்கடி வேளை நெரிசல், இருக்கும் கொள்ளளவை நிரப்பும்வரை வளரும் என அமெரிக்கப் பொருளியலாளர் அந்தனி டவுன்ஸ் 1962இல் எடுத்துக்காட்டினார். முன்பு நேரம் தவறிப் புறப்பட்டோரும், வேறு வழியிற் சென்றோரும், புகையிரதத்திற் சென்றோரும் வழி இலகுவாயிற்றென்று அறிந்து அங்கே வந்து சேர்வர். ஆதலின் திருப்பிக் கொடுத்த தடத்தைக் கார்களுக்கே விட்டுவிட்டால், அதன் பயன் நாளடைவிற் கரையக்கூடும்.

இதற்கு விடையாக அமைந்தது நியூயோர்க்கின் அனுபவம். நியூஜேர்சியிலிருந்து லிங்கன் சுரங்கப்பாதையை நோக்கிச் செல்லும் பெருவீதியில், காலையில் வெளிச்செல்லும் பக்கத்திலிருந்து ஒரு தடம் எடுக்கப்பட்டு, எதிர்த்திசையில் நகருக்குள் செல்லும் பஸ்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. 1970 டிசெம்பரில் தொடங்கிய இவ்வேற்பாட்டின் நீளம் ஏறத்தாழ இரண்டரை மைல். பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் காலை நான்கு மணிநேரத்துள் 1,700க்கு மேற்பட்ட பஸ்கள், 60,000க்கு மேற்பட்ட மக்களை அத்தனித் தடத்தில் ஏற்றிச் சென்றன. மணிக்கு 15,000 பேர் என்பது இதன் பொருள். அதே தடத்தில் மணிக்கு 2,000 கார்கள் ஓடுவதாகவும், காருக்கு இருவர் இருப்பதாகவும் தாராளமாகக் கொண்டாலும் 4,000 பேரே கடப்பர். தடத்தைத் திருப்பியதனால் மாத்திரம் இப்பயன் விளையவில்லை. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்ததனாலேயே விளைந்தது.

தொகுத்து நோக்கின், திசைமாறு தடம் எல்லா வீதிக்கும் ஏற்ற பரிகாரமன்று, எவ்வீதிக்கும் ஏலாததுமன்று. நீரும் மலையும் அகலிப்பைத் தடுக்கும் இடங்களிலே, ஓட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்வரை, வலிய தடுப்போடு கூடிய இடத்து, அது சிறந்த சிக்கனமாகும். மக்கள் வாழும் வீதியில் அதன் செலவு கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவாகும். எனவே இத்தகைய திட்டமொன்றைத் தொடங்குமுன் மூன்று எண்ணிக்கைகள் எடுத்தல் வேண்டும்: இரு திசையிலும் செல்லும் வண்டிகள் எத்தனை, அவ்வண்டிகளுக்குள் இருக்கும் மக்கள் எத்துணையர், அவ்வீதியைக் குறுக்கே நடந்து கடப்போர் எத்துணையர். முதலாவது எண்ணிக்கையைப் பொறியியலாளர் தவறாது எடுப்பர். இரண்டாவதைச் சிலர் எடுப்பர். பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் அடங்கிய மூன்றாவதை எடுக்குமாறு கேட்பது, அவ்வீதியில் வாழ்வோரின் கடமையும் உரிமையுமாகும்.